எட்டு வெல்ல மூட்டையும் பழனியம்மாவும்

1. செம்புச் சத்தம்

முப்பத்தெட்டு வருஷம் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒர்க்‌ஷாப் நடத்தினேன். நான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைப் பின்னால் படுத்திருந்தவர் தண்ணீர்ச் செம்பால் கேபினைத் தட்டி நிறுத்தியது ஒரே ஒரு முறைதான். தொண்ணூறுகளின் நடுவில், டி.நரசிபுரம் ரோட்டில் அது நடந்தது. கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். மெத்தைமேல் படுத்திருந்த பழனியம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"வண்டியெத் திருப்புங்க மேஸ்திரி. நா என்ற தம்பி ஊட்டுலயே கெடந்துக்கறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் புருஷன் மாதப்பன் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் துண்டை எடுத்து மனைவியின் முகத்தைத் துடைத்தார். வண்டியைத் திருப்பினேன்.

அது நான் மார்தட்டிக்கொண்டு செய்து கொடுத்த வண்டி. வில்போல வளைந்த இரும்புக் கமான் பட்டைகளைக் கழற்றிக் கடாசிவிட்டு நாலு சக்கரத்துக்கும் சுருள் சுருளான காயில் ஸ்பிரிங் போட்ட வண்டி. அப்போது எங்கள் மண்டி மொஹல்லாவில் அந்த வேலையில் கைவைக்க வேறு எவனுக்கும் தைரியம் கிடையாது. இதை இன்றும் சொல்வேன், எனக்கென்ன வெட்கம்?

2. வந்த கதை

மாதப்பனின் ஊர் ஹனூர் தாண்டி, காட்டை ஒட்டி இருந்தது. தமிழ்க் குடியானவர். ராகி, வாழை, நாலு எருமை. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக் ஒன்று வைத்திருந்தார். அவர் தோட்டத்துக்குப் போகும் கடைசி ஏழு கிலோமீட்டர் வெறும் கல்லுப் பாதை. நடுவில் ஒரு ஓடையில் இறங்கி ஏற வேண்டும். அந்த டிரக்கையும் மாட்டு வண்டியையும் விட்டால் வேறெதுவும் அங்கே போகாது.

அவர் மனைவி பழனியம்மா தீவனப் பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். மைசூரில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதமாக இங்கேயே தம்பி வீட்டில் படுக்கை. கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார், அவ்வளவுதான்.

"டாக்டரு, ஊட்டுக்குப் போலாமின்னு சொல்லிப்போட்டாருங்க. ஆனா உடம்பு குலுங்கக் கூடாதாம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இங்க கூட்டியாந்தும் காட்டோணும். இந்த வண்டியில குலுங்காம எப்பிடிங்க கூட்டிப்போறது?" என்று கேட்டார் மாதப்பன்.

வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கல்லில் ஏறி இறங்கியதற்கே என் கடைவாய்ப் பல் ஆடிவிட்டது.

"காயில் போட்டுக் குடுத்துடறேன். அக்கா தூங்கிட்டே ஊருக்குப் போவாங்க. சும்மா பயப்படாதீங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் பழனியம்மாவையும் பார்த்துவிட்டு வந்தேன். படுத்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தூங்கிட்டே போவேன்னு சொன்னீங்களாமே? எட்டு மாசமாத் தூங்கிட்டேதானுங்க இருக்கறேன். முழிச்சுட்டுப் போயி என்ற எருமையெப் பாக்கோணும். அதுக்கு என்னெ மறந்தே போயிருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எருமை என்ற வார்த்தை வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வண்டியை எப்படியும் முடித்துக்கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

3. வேலை

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கமான் பட்டைக்கு இரண்டு வேலை. எடையைத் தாங்குவது ஒன்று. ஆக்சில், அதாவது சக்கர அச்சு, முன்னே பின்னே, இடது வலது நகராமல் பிடித்து வைப்பது இன்னொன்று. காயில் ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். ஆக்சிலைப் பிடித்து வைக்க அதற்குத் தெரியாது. பட்டையைக் கழற்றிக் காயிலை மட்டும் வைத்தால் ஆக்சில் வண்டிக்கு அடியில் ஊர்வலம் போய்விடும்.

அதனால் முன்னே பின்னே போகாமல் இருக்க ஒவ்வொரு ஆக்சிலுக்கும் இரண்டு நீள இரும்பு ஆர்ம் வேண்டும். இடது வலது போகாமல் இருக்க ஒரு குறுக்கு ராடு வேண்டும். அந்த ராடின் ஒரு முனை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில், மறு முனை ஆக்சிலில். இரண்டு முனையிலும் ரப்பர் புஷ். கேட்பதற்கு இவ்வளவுதான்.

வெல்டிங் தாவூத் பாய். என் ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட். என் வயசுதான், என்னைவிட இரண்டு மடங்கு நிதானம். கன்னடத்தில் "நோடி", அதாவது "பாருங்க", என்று தொடங்காமல் அவருக்குத் தமிழ்ப் பேச்சு வராது. ஸ்பிரிங்கை ஆர்டர் கொடுத்துச் சுற்ற வைத்தோம். பதினான்கு மில்லி கம்பி, ஏழு சுற்று. கம்பியின் கனம் ஒரு மில்லி கூடினாலே ஸ்பிரிங் விறைத்துப்போகும். அதைக் கணக்குப் போட்டு இரண்டு நாள் பேப்பரைத் தீர்த்தேன். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. மாதப்பனிடம் "லோடு என்ன ஏத்துவீங்க?" என்று கேட்டிருந்தேன். டிரக் என்று வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். அவரும் பழக்க தோஷத்தில் "வாழைத்தாரு, ராகி மூட்டை, எல்லாந்தானுங்க" என்றார். மண்டி மொஹல்லாவில் எங்களுக்கு வண்டி என்றாலே மூட்டைதான். காலி வண்டி என்பது எங்கள் கண்ணில் வண்டியே இல்லை. அதனால் வழக்கம்போல எதிர் வெல்ல மண்டியிலிருந்து எட்டு மூட்டை இரவல் வாங்கிப் பின்னால் அடுக்கினோம். வண்டி மூன்று அங்குலம் அமர்ந்தது. அந்த நிலையில் ரசமட்டம் வைத்து, பின்பக்கக் குறுக்கு ராடை மட்டமாக நிறுத்தி பிராக்கெட்டை வெல்ட் அடித்தோம். சைலன்சர் குறுக்கே நின்றதால் ராடைக் கொஞ்சம் குட்டையாகவும் வெட்டிவிட்டேன்.

தாவூத் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நோடி மேஸ்திரி, மூட்டையெ எறக்கிட்டா வண்டி எழும்பும். அப்ப இந்த ராடு சாஞ்சு நிக்குமே?"

"டிரக்குக்கு லோடுதான் பாய் அழகு. காலியா எவன் ஓட்டப் போறான்?" என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தார்.

மூட்டையோடு நஞ்சன்கூடு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய்தான். வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கினேன். உட்கார்ந்து எழுந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்து மூட்டையை மண்டியில் இறக்கிக் கொடுத்துவிட்டு, மெத்தையைப் போட்டுப் பழனியம்மாவை ஏற்றினோம். அப்புறம் நடந்ததுதான் அந்தச் செம்புச் சத்தம்.

4. படுத்துப் பார்த்தது

அவரைத் தம்பி வீட்டில் இறக்கிப் படுக்க வைத்துவிட்டு, வலி கொஞ்சம் அடங்கியபின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "எங்க வலிச்சதுக்கா? பள்ளத்துல எறங்கறப்பவா?"

"பள்ளமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. மேலயும் கீழயும் போறது தாலாட்டற மாதிரிதான். ஆனா ஒவ்வொரு மேட்டுலயும் யாரோ இடுப்பெப் புடிச்சு ஒரு பக்கமா வெடுக்குனு இழுக்கறாங்க. அதுதான் உசுரு போவுது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டிரைவர் சீட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே. நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். சாவியைத் தாவூத் பாயிடம் கொடுத்து, "ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி அதே மெத்தையில் மல்லாந்து படுத்தேன். மாதப்பன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். சந்தில் நின்ற ஆட்டோக்காரர்கள், "என்ன மேஸ்திரி, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேலி செய்தார்கள்.

முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே புரிந்துவிட்டது. வண்டியின் பின்பாகம் எழும்பி இறங்கும்போது கூடவே இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு தள்ளு. உட்கார்ந்திருப்பவன் அதை உடம்பை வளைத்துச் சரிக்கட்டிவிடுவான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. படுத்திருப்பவர் எதைப் பிடிப்பார்? நான் கட்டுமஸ்தான ஆள். எனக்கே இடுப்பில் சுள்ளென்றது. தையல் போட்ட முதுகோடு அந்த அம்மாள் ஏறக்குறைய அரை மணி நேரம் தாங்கியிருக்கிறார். அதை நினைத்ததும் என்மேலேயே எனக்குக் காறித் துப்பவேண்டும்போல இருந்தது.

தாவூத் பாய் சொன்னதேதான். மூட்டை இறங்கியதும் வண்டி மூன்று அங்குலம் எழும்பி, குட்டை ராடு சாய்ந்து நின்றது. மட்டமாகக் கிடக்கும் ராடின் ஒரு முனை ஏறி இறங்கினால் மறு முனை பக்கவாட்டில் அசைவது மிகக் கொஞ்சம். சாய்ந்து நிற்கும் ராடோ ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். மூட்டை வைத்து ஓட்டியபோது ராடு மட்டமாக இருந்ததால் எனக்கு எல்லாம் வெண்ணெயாக இருந்தது. வெல்ல மூட்டைக்கு முதுகெலும்பும் கிடையாது, வாயும் கிடையாது.

இறங்கி வந்து மாதப்பனிடம் கேட்டேன். "இந்த ராடு லோடுக்கு மட்டமா இருக்கணுமா, அக்காவுக்கு மட்டமா இருக்கணுமா? ரெண்டுக்கும் சேத்து வெக்க முடியாது."

அவர் யோசிக்கவே இல்லை.

"வாழைத்தாரெ மாட்டு வண்டி ஏத்துமுங்க. அவளெ மாட்டு வண்டி ஏத்தாது."

5. அளவு எடுத்தது

சைலன்சரை வேறு பக்கம் திருப்பினேன். ராடை அச்சின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கிட்டத்தட்ட ஓடும்படி நீளமாகச் செய்தேன். சேசிஸ் பக்கத்து பிராக்கெட்டை அறுத்து எடுத்து, மூன்று அங்குலம் கீழே இறங்கும் புது பிராக்கெட் தயார் செய்தோம். இனி எந்த உயரத்தில் ராடு மட்டமாக நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

"அக்காவெத்தான் கூப்பிடணும்" என்றேன்.

எங்கள் சந்துக்குள் ஆட்டோவை மெதுவாக ஓட்டிப் பழனியம்மாவைக் கூட்டிவந்தார் அவர் தம்பி. நாலு பேர் தாங்கி மெத்தையில் படுக்க வைத்தோம். மாதப்பன் வழக்கம்போல அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். தண்ணீர்க்குடம், துணி மூட்டை, ஊருக்கு வாங்கிய சாமான் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தோம். நான் வண்டிக்கு அடியில் ரசமட்டத்தோடு படுத்துக்கொண்டேன். தாவூத் பாய் சாக்பீஸால் கோடு போட்டார்.

"எத்தனையோ பேரு புடவைக்கு, ரவிக்கைக்கு அளவு குடுப்பாங்க. வண்டிக்கு அளவு குடுத்தது நா ஒருத்திதான்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. சந்தே சிரித்தது.

அவரை இறக்கியபின் பிராக்கெட்டை வெல்ட் அடித்தோம். சாவியைத் திரும்பவும் பாயிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் படுத்தேன். இந்தத் தடவை நஞ்சன்கூடு வரை போய் வந்தோம். இழுப்பு இல்லை. ஆனாலும் நான் சொல்லி அந்த அம்மாள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை என்பது எனக்கு அதற்குள் புரிந்திருந்தது.

6. வீடு

அடுத்த திங்கட்கிழமை விடியலில் கிளம்பினோம். மாதப்பனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால், பழனியம்மாவின் மெத்தைக்குப் பக்கத்தில் வெறும் பலகையில் படுத்துக்கொண்டேன். அவருக்கு வலித்தால் எனக்கும் வலிக்கட்டும் என்றுதான்.

செம்பு அவர் கையிலேயே இருந்தது. நரசிபுரம் வரை அதை இறுக்கிப் பிடித்திருந்தார். கொள்ளேகாலில் டீக்கு நிறுத்தியபோது பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஹனூர் தாண்டிக் கல்லுப் பாதை தொடங்கியதும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓடையில் இறங்கியபோது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, சக்கரங்கள் கல்லில் ஏறி இறங்கின. நான் மெத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் செம்பு அவர் கையிலிருந்து நழுவி என் பக்கம் உருண்டு வந்தது. பதறி எழுந்து பார்த்தேன். வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் வண்டி நின்றதும் கண் விழித்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, எதுக்கு நிறுத்திப்போட்டீங்க? நா ஒண்ணும் தட்டலயே?"

"ஊடு வந்துருச்சுக்கா."

மாதப்பனும் நானும் இரண்டு பக்கம் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். கட்டுத்தறியில் எருமைகள் நின்றன. அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு எருமைகூடத் தலையைத் தூக்கவில்லை. தீவனத்தைத் தின்றுகொண்டே இருந்தன.

"பாத்தீங்களா? நாந்தான் சொன்னேனே" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மாதப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்தது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே வண்டியில் மைசூருக்கு வந்து போனார். ஒவ்வொரு தடவையும் என் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, பின்னாலிருந்து செம்பால் இரண்டு தட்டு தட்டுவார். நான் வெளியே வந்து கையாட்டினால்தான் வண்டி நகரும்.

அந்த வண்டிக்குப் பின் எத்தனையோ வண்டிக்குக் காயில் போட்டேன். எதையும் டிரைவர் சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சாவி கொடுத்ததில்லை. குழந்தைகளை ஏற்றும் வண்டி என்றால் கடைசி பெஞ்சில் உட்காருவேன். மாடு ஏற்றும் வண்டி என்றால் பின்னால் நின்றுகொண்டு வருவேன். ரசமட்டம் வண்டியின் மட்டத்தைத்தான் காட்டும். வலிக்கிறதா என்று தெரிய, அதில் போகிறவர் இடத்தில் நாம் ஒரு தடவையாவது படுத்துப் பார்க்க வேண்டும்.