வசனத்தில் இல்லாத வரி

நான் வேலை பார்க்கும் பர்மிங்காம் தொழிற்சாலையில், தேநீர் குடிக்கும் அறையின் சுவர் முழுக்க ஆணி அடித்திருக்கிறார்கள். ஆணிக்கு ஒரு குவளை தொங்கும். மக் என்பார்கள். முதல் நாள் நான் கைக்கு எட்டியதை எடுத்தேன். போர்மேன் ரான் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். "இது உனக்கு இல்லை. நீ தனியாக ஒன்று கொண்டு வா" என்றான். தனியாக! எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டது. மனிதனுக்கு மனிதன் தீட்டா, உன் இரத்தம் சிவப்பு, என்னுடையது மட்டும் கறுப்பா என்று பத்து நிமிடம் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன். எல்லாரும் எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ரான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஜார்ஜின் மக். ஒரு வருஷமாக அவன் அதைக் கழுவவில்லை. உன் வயிறு கெட்டுப்போகுமே என்று சொன்னேன்" என்றான். அங்கே ஆளுக்கொரு மக். மேலாளருக்கும் ஓர் ஆணிதான். எல்லாரும் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை பறந்துவிடும் போலிருந்தது. மறுநாள் எனக்கும் ஓர் ஆணி அடித்து, கீழே என் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி வைத்திருந்தான் ரான்.

தனிக் குவளை என்றதும் எனக்கு ஏன் அப்படி ரோஷம் வந்தது என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிய நியாயமில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நன்றாகவே தெரியும், தெரியாத மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சீமைக்கு வருவதற்கு முந்தி நான் பெரிய நாடகாசிரியன். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாங்கள் நிலபுலம் உள்ள கிறிஸ்தவக் குடும்பம். கோயிலில் ஜெபம் எல்லாருக்கும் ஒன்று, உட்காருகிற பக்கம் மட்டும் இரண்டு. அறுபதுகளின் நடுவில், கோயில் திருவிழாவுக்காகத் தீண்டாமையை ஒழிக்க ஒரு நாடகம் எழுதினேன். கதாநாயகன் சின்னப்பன். காலனிக்காரர், கல் உடைக்கிறவர். குரல் வெண்கலம். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவர் என்னை "வாத்தியாருங்க" என்பார். நான் அவரை "சின்னப்பா, வாடா" என்பேன். சமத்துவ நாடகத்தின் ஒத்திகை இந்த லட்சணத்தில் ஒரு மாதம் எங்கள் வீட்டுக் களத்தில் நடந்தது.

நாடகத்தின் உச்சம் ஒரு டீக்கடைக் காட்சி. எங்கள் ஊர் டீக்கடையில் நமக்குக் கண்ணாடி கிளாஸ், காலனி ஆட்களுக்குக் கூரையில் செருகிய கொட்டாங்கச்சி. சின்னப்பன் மேடையில் கொட்டாங்கச்சியை வீசிவிட்டு, கண்ணாடி கிளாஸில் டீயை வாங்கி ஜனங்கள் பார்க்கக் குடிக்க வேண்டும். நிஜமாக இருக்கட்டும் என்று கடைக்கார முனுசாமியிடமே ஒரு கிளாஸ் இரவல் கேட்டேன். கலைக்கென்றால் கர்ணன் அவர். இருப்பதிலேயே புதுசாக எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

திருவிழா அன்று மத்தியானம் மைதானம் கொள்ளவில்லை. சின்னப்பன் வசனம் பேசப்பேசப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவர் கிளாஸை வாயில் வைத்ததும் எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அடேயப்பா! முன்வரிசையில் முனுசாமியும் விசில் அடித்தார். தீண்டாமை ஒழிந்தது என்று நான் மனசார நம்பினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வேறெப்படி நம்புவேன்?

மறுநாள் காலை சின்னப்பனும் நானும் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். சின்னப்பன் சட்டை போட்டு, தலைசீவி வந்திருந்தார். கொடுத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். முனுசாமி கிளாஸைத் தொடவில்லை.

"அத்த நீங்களே வெச்சிக்கோங்க தம்பி. நாடகத்துக்குன்னு குடுத்தது. இனி கடையில பொழங்க முடியுங்களா?"

சின்னப்பன் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "வாத்தியாருங்க, நாடகம் முடிஞ்சிருச்சுங்களா, இல்ல இப்பத்தான் நடக்குதுங்களா?"

நான் விடவில்லை. வாய்ப்பந்தல் போடுவதில் எனக்கு நிகர் யார்? நேற்றைய வசனத்தை ஒரு வரி விடாமல் முனுசாமி தலையில் கொட்டினேன். அவர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்தார்.

"நல்லாத்தான் பேசறீங்க. ஒரு மாசமா உங்க வூட்டுல அவனுக்கு எதுல காப்பி ஊத்துனாங்கோ?"

மற்ற நடிகர்களுக்கெல்லாம் அம்மா பித்தளை டம்ளரில் கொடுத்தாள். சின்னப்பனுக்கு மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஓர் அலுமினிய டம்ளர் இருந்தது. குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். அதற்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துதான் நான் சமத்துவம் எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது என் கண்ணில் படவே இல்லை.

"வூட்டுக்கு வாடா, இன்னிக்கு ஒண்ணா குடிக்கலாம்" என்று நான் சொல்லியிருந்தால் போதும். சின்னப்பன் அதற்காகவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான், "அம்மா பழைய மனுஷி... உனக்குத் தெரியாததா?" என்றேன்.

"அந்த வரி வசனத்துல இல்லீங்களே" என்றார் சின்னப்பன். கிளாஸைக் கடை பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் நாடகத்துக்கு வரவே இல்லை.

சீமையில் வேலை செய்ய அனுமதிக்கும் வவுச்சர் கிடைத்து நான் இங்கே வந்து சேர்ந்தேன். மக் பிரசங்கத்தால் எனக்குப் பேச்சாளன் என்று பேர் வந்துவிட்டது. எங்கள் தெருக்கோடியில் இருந்த பப் என்கிற மதுக்கடையில் கறுத்த தோல்காரர்களைப் பின்னறையில்தான் உட்காரவிடுவார்கள். அதை எதிர்த்து ஒரு சனிக்கிழமை கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். நானே வரைந்த தட்டிகளைக் கட்டி, தொண்டை கிழியப் பேசினேன். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி அழுதுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் நாட்டில் உனக்கு இப்படி ஒரு அவமானம் நடந்திருக்குமா?" என்று கேட்டாள். "ஒரு நாளும் இல்லை அம்மா" என்றேன். எனக்கு நடக்கவில்லைதானே! மூன்று மாதத்தில் பப்பின் முன்னறை திறந்தது. என்னைத் தோளில் தூக்கினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது; இறங்கவும் மனசில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒருதரம் லீவில் ஊருக்குப் போனேன். தோளில் உளியும் சம்மட்டியுமாகச் சின்னப்பன் எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோட்டில் எதிர்ப்பட்டார். இந்தமுறை நான், "அண்ணே, வீட்டுக்கு வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றேன். 'அண்ணே' என்று சொல்ல எனக்குச் சீமைக்குப் போய்வர வேண்டியிருந்தது. அவர் சிரித்தார்.

"உங்க வூட்டு காப்பி நெறைய குடிச்சாச்சுங்க. நீங்க ஒருநாள் எங்க வூட்டுக்கு வாங்க. எம் பொண்டாட்டி நல்லா போடுவா."

யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"நாளைக்கு வரேண்ணே" என்றேன்.

"சரிங்க, காலையில வாங்க."

மறுநாள் காலை பெட்டியோடு பாலக்கோடு பஸ்ஸில் ஏறினேன். பொம்மிடியில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்தினாள். ரயில் சாயங்காலம்தான். பஸ் காலனியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னப்பன் வீட்டு வாசலைச் சாணி தெளித்துப் பெருக்கியிருந்தார்கள். யாரிடமோ இரவல் வாங்கிய மடக்கு நாற்காலி ஒன்று நடுவாசலில் போட்டிருந்தது. பக்கத்தில் சின்னப்பன் சட்டை போட்டு, தலைசீவி, நான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.