அமராவதியின் அலாரம்

அமராவதியை எழுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. படுத்தால் கட்டைதான். புருஷன் சகாதேவனுக்குப் பாண்டியில் இரவுக் காவல் வேலை. வீட்டில் இருப்பதோ பிள்ளைகள் இரண்டு, தூக்கத்தில் அம்மாவை அப்படியே உரித்து வைத்தவை. மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால், விடிகாலை நாலு மணிக்கெல்லாம் பாத்தியில் நிற்க வேண்டும். ஒருத்தி பலகையால் உப்பை இழுத்துக் குவிப்பாள், அவளுடைய ஜோடி அதை அள்ளிச் சுமந்து கரையில் கொட்டுவாள். அந்த 2005 சித்திரையில் அமராவதி இரண்டு முறை தாமதமாகப் போய்விட்டாள். இன்னொரு முறை என்றால் அவள் இடத்துக்கு வேறு ஆள் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கூலி இல்லாமல் குடும்பம் ஓடாது.

அவளும் சும்மா இருக்கவில்லை. அலாரம் கடிகாரம் வாங்கினாள். தூக்கத்திலேயே அதன் தலையில் தட்டி அணைத்தாள். எட்டாத இடத்தில் வைத்தாள். அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. படுக்கும் முன் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இரண்டு மணிக்கே எழுந்து வெளியே போய் வந்து, முன்னைவிட நிம்மதியாகத் தூங்கினாள். கடைசியில் ஒரு தகரத் தட்டில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் கடிகாரத்தை வைத்தாள். தட்டும் உப்பும் சேர்ந்து அதிர்ந்தால் எழுந்துவிடலாம் என்று நம்பினாள்.

மூன்றரைக்கு அடித்தது. தகரத்தில் உப்பு சடசடவென்று துள்ளியது. அமராவதியின் காதில் அது கூரைத் தகரத்தில் விழும் மழை. மழை பெய்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்பாடா என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

கண் விழித்தபோது மணி ஆறு. வாசலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. முகம்கூடக் கழுவாமல் ஓடினாள்.

அங்கே அவளுடைய ஜோடி ஞானாம்பாள் தானே இழுத்து, தானே சுமந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு வயிறு சரியில்ல, சவுக்குத் தோப்பு பக்கம் போயிருக்கன்னு மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மூணு வாட்டி கேட்டுட்டாரு. எத்தினி வாட்டிடி போவ நீ?"

அமராவதிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கூடையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மேஸ்திரி வந்தார். அவளுடைய சிவந்த கண்ணையும் வீங்கிய முகத்தையும் பார்த்து உண்மையாகவே இரக்கப்பட்டார்.

"ஏம்மா, இப்படி ஒடம்ப வெச்சிக்கினு ஏன் கஷ்டப்படுற? கூலிய புடிக்க மாட்டேன். வூட்டுக்குப் போய் நல்லா தூங்கு."

ஞானாம்பாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தூக்கம் வரலீங்க," என்றாள் அமராவதி. அப்படி அவள் சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அது உண்மையாகவும் இருந்தது.