பெயர் எழுத இடமில்லாத கூரை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குள் பெயர் எழுதாத ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உட்காருகிற வாங்கில் பெயர், தீர்த்தத் தொட்டியில் பெயர், ஸ்பீக்கர் பெட்டியில் பெயர். இன்னாரின் நினைவாக, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். ஃபேன் இறக்கையில்கூட எழுதியிருக்கிறார்கள். தகப்பனின் நினைவு நாளன்று அந்த ஃபேனை நிறுத்தி வைக்கச் சொன்னார் ஒருவர். சுற்றினால் பெயர் தெரியாதாம். சித்திரை வெயிலில் அந்த வரிசை முழுவதும் வியர்த்து ஒழுகிக்கொண்டு பூசை கண்டது. நானும் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

குருமடத்தில் எனக்கு மெய்யியல் படிப்பித்தார்கள், இறையியல் படிப்பித்தார்கள், லத்தீன்கூடக் கொஞ்சம். கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி அடைத்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பங்குத் தந்தையாக இந்தப் பங்கைப் பொறுப்பெடுத்த பிறகு நான் செபமாலையைக் கையில் எடுத்ததைவிடக் கூரையை அண்ணாந்து பார்த்ததுதான் கூட.

கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய மண்டபம் இருந்தது. அதில் ஒரு டீச்சர் தமிழ் நேர்சரி நடத்தினார். அவரும் சின்ன வயதில் அதே மண்டபத்தில் படித்தவர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், பேலியகொடை மீன் சந்தைக்கு விடியமுன் போகிறவர்களின் பிள்ளைகள், பக்கத்து ஒழுங்கையின் முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். அந்தக் குறைந்த கட்டணத்துக்கு வேறு நேர்சரி இந்தப் பக்கம் கிடையாது. பிள்ளைகளுக்கென்று சிவப்பு, நீலம், மஞ்சளில் சின்னச் சின்னக் கதிரைகள் இருந்தன. அவற்றின் முதுகிலும் பெயர்கள்தான். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று யாரோ ஒருவரின் காலஞ்சென்ற மாமியாரில் சாய்ந்துகொண்டு அ, ஆ சொல்லும்.

ஒரு நாள் மண்டபத்தின் உள்ளே மரத்தூள் கொட்டிக் கிடந்தது. தச்சு வேலை பாஸைக் கூப்பிட்டேன். அவர் ஏணியில் ஏறி ஸ்க்ரூடிரைவரைக் கூரை தாங்குகிற தீராந்தியில் குத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. உள்ளே முழுக்கக் கறையான். வாற மழை தாங்காது என்று சொல்லிவிட்டு இறங்கினார். மரம் விற்கிற விலையில் புதுக்கூரை போடுவதென்றால் எங்கள் உண்டியலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் காணாது. மேலிடத்தில் கேட்டேன். எங்களைவிட மோசமான கூரைகள் வரிசையில் நிற்பதாகச் சொன்னார்கள். அதுவும் உண்மைதான்.

மூன்று ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஒருவர் வந்தார். இந்தப் பங்கில் பிறந்து, பாத்ரூம் சாமான் வியாபாரத்தில் நன்றாக வந்து, இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறவர். தாயார் இறந்து ஒரு வருடம். ஏதாவது செய்ய வேண்டுமாம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தீராந்தியைக் காட்டினேன்.

"கூரைக்குக் குடுக்கலாம்தான் ஃபாதர். ஆனா அம்மாட பேரை எங்க போடுறது?"

"ஓட்டில போடுவம். மேல இருந்து பாக்கிறவருக்குத் தெரியும்தானே."

அவர் சிரிக்கவில்லை. முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "அம்மாக்கு மாதாவில நல்ல பக்தி. இதில குகை மாதிரி ஒரு கெபி கட்டுவம். தண்ணி விழுற மாதிரி."

"பாதிக் காசையாவது கூரைக்குத் தாங்கோ. பிள்ளைகள் இருக்கிற இடம்."

"இல்லை ஃபாதர், நான் மனசில நேர்ந்திட்டன். நேர்ச்சையை மாத்த ஏலாது."

கூரையைக் காட்டி இன்னும் ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் எப்போது நேர்ந்தார் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பங்குச் சபைச் செயலாளர் அன்று பின்னேரமே என்னிடம் வந்தார். "வாற காசை வேண்டாம் எண்டு சொல்லிப் போடாதீங்க ஃபாதர். மனிசன் அடுத்த கோயிலுக்குக் குடுத்திடுவார்."

கெபி எழும்பியது. அவருடைய கடையிலிருந்தே டைல்ஸ் வந்தது. லூர்துக் குகை என்று சொல்லிக் கட்டினார்கள், எனக்கு அது நல்ல ஹோட்டல் ஒன்றின் குளியலறை மாதிரித்தான் தெரிந்தது. மாதா சொரூபத்தில் மழை படக்கூடாதென்று மேலே கொங்கிறீட்டில் கூரையும் போட்டார்கள். பளிங்கில் தாயாரின் பெயர். பக்கத்து மண்டபத்தை நான் பூட்டினேன். பிள்ளைகளின் தலையில் கூரை விழுந்தால் நான் என்ன செய்வேன்? நேர்சரியைக் கோயில் விறாந்தையில் நடத்தலாம் என்றேன். நவநாள் செபத்துக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று சபை சொன்னது.

டீச்சர் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒரு பிள்ளையின் வீட்டு முன்னறையைக் கேட்டு வாங்கினார். என்னிடம் கதிரைகளை மட்டும் கேட்டார். சும்மா கிடக்கிற கதிரைகள்தானே என்று நானும் ஓம் என்றேன். செயலாளர் விடவில்லை.

"அதுகளில பேர் இருக்கு ஃபாதர். நாளைக்கு ஆராவது வந்து அம்மாட கதிரை எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுறது? கோயில் சாமான் வளவை விட்டு வெளிய போகக்கூடாது."

சபை முழுவதும் அவர் பக்கம். டீச்சர் பாய் வாங்கினார். பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். கதிரைகள் பூட்டிய மண்டபத்துக்குள் அடுக்கிக் கிடந்தன.

கெபி ஆசீர்வாதத்துக்கு பேண்ட் வாத்தியம் வந்தது. நான் தீர்த்தம் தெளித்தேன். அந்த அம்மாவின் ஆன்மாவுக்காக உண்மையாகவே செபித்தேன், அவர் என்ன பாவம் செய்தார். தண்ணீர் விழுந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். அதே மாதம் மழையும் பிடித்தது.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மண்டபத்தின் கூரை இறங்கியது. உள்ளே ஒருவரும் இல்லை. ஓடும் மரமும் எல்லாம் கதிரைகளின் மேல். சிவப்பும் நீலமுமாய்ச் சின்னச் சின்னத் துண்டுகள் சேற்றில் கிடந்தன.

செய்தி பரவியது. கூரைக்காக மூன்று ஞாயிறு கெஞ்சியும் வராதவர்கள் இப்போது வந்தார்கள். பொரளையிலிருந்து வந்தார்கள், தெமட்டகொடையிலிருந்து வந்தார்கள், கனடாவிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் கோல் எடுத்தார். "எங்கட அம்மாட கதிரை உடைஞ்சு போச்சாம், உண்மையே ஃபாதர்?" நான் ஒருவரிடமும் காசு கேட்கவில்லை. கிழமை முடியமுன் புதுக் கதிரைகள் வந்து இறங்கின. பழையதைவிட நல்ல சாமான். பெயரும் முன்னையதைவிடப் பெரிய எழுத்தில்.

இந்த முறை சபையைக் கேட்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு டீச்சரின் இடத்துக்கு நானே போனேன். அவர் பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்கு முன்னறை தேவையாம், வாடகைக்கு ஆள் வந்துவிட்டதாம். பிள்ளைகளை வேறு இடங்களில் விடச் சொல்லித் தாய்மாருக்குச் சொல்லியாயிற்று. தனக்கு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

"புதுக் கதிரை வந்திருக்கு டீச்சர். ஆரையும் கேக்கத் தேவையில்ல. எல்லாத்தையும் எடுங்கோ" என்றேன்.

அவர் கட்டின கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார்.

"கதிரை இருக்கட்டும் ஃபாதர். கூரை இருக்கோ?"

இல்லை என்றேன்.

அந்தக் கதிரைகளை என் அறைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு பூசை முடிய ஒரு குடும்பம் வந்தது. தங்கள் அம்மாவின் கதிரையை அடுக்கிலிருந்து இறக்கி, கெபிக்கு முன்னால் வைத்து, சுற்றி நின்று படம் எடுத்தார்கள். என்னையும் நடுவில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். பிறகு கதிரையைத் துடைத்துத் திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.