நிழல் முன்னால் விழும் பக்கம்

எந்த இடத்துக்குப் போனாலும் லூரங் முதலில் தரையைப் பார்க்கிறார். தன் நிழல் முன்னால் விழுந்திருந்தால் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார். நிழல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான் உறையிலிருந்து கேமராவை எடுக்கிறார். வெயில் நேராக லென்ஸுக்குள் இறங்குகிறது. தொப்பியைக் கழற்றி அதற்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொள்கிறார்.

மக்காஸார் நகரத்தில் கல்யாணப் படம் எடுக்கிற வேறு யாரும் இப்படி நிற்பதில்லை. சூரியன் முதுகில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். போன வாரம் ஒரு மணப்பெண்ணின் தாய்மாமன் படங்களைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கே கேட்கும்படி கத்தினார், ஊர் வழக்கப்படி டாயெங் என்று அண்ணன் முறை சொல்லித்தான்.

"என்ன டாயெங் இது? விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி உக்கார வச்சு பொண்ணுக்கு அலங்காரம் பண்ணினோம். உங்க படத்துல பொண்ணைக் காணோம், வெயில்தான் இருக்கு. மாப்பிள்ளை என்ன சூரியனையா கட்டிக்கிட்டாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். லூரங்கும் சிரித்தார். "முகம் சுருங்காம இருக்குல்ல, பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய இடதுகண் வலதுகண்ணைவிடச் சற்றுச் சிறியது. வாழ்நாள் முழுவதும் மூடி மூடி அப்படி ஆகிவிட்டது என்கிறாள் மனைவி. விரல்களில் கிராம்புச் சுருட்டின் வாசனை. கல்யாண வீட்டில் சாப்பிடுவதில்லை; தெருமுனையில் குடல் சூப்புக் கடையில் தன் காசில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். வண்டி அனுப்புகிறோம் என்றால், "வேணாம், நானே வந்துடறேன்" என்கிறார். தன் பழைய ஸ்கூட்டரில், மழையிலும், கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்.

மூன்று மழைக்காலத்துக்கு முன்புவரை அவர் பத்திரிகைப் புகைப்படக்காரர். அப்போது வண்டி அனுப்பினால் ஏறிக்கொள்வார். எல்லோருமே ஏறுவார்கள். அதிகாரிகள் போகும் இடத்துக்கு அதிகாரிகளின் வண்டியே பத்திரிகைக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போகும். இறங்கியதும் காப்பியும் சோற்றுப் பொட்டலமும் கொடுப்பார்கள். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் நிற்பார்கள். லூரங்குக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. அவர் படத்தில் எதையும் சேர்க்கமாட்டார், எதையும் வெட்டமாட்டார். "இருந்ததை எடுத்தேன்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். இப்போது சொல்வதில்லை.

துறைமுகத்துப் பழைய மீன்சந்தையைக் காலிசெய்த அன்றும் அப்படித்தான் போனார். காலை நேரம். நகரத்திலிருந்து, கிழக்கிலிருந்து, வண்டிகள் வந்து நின்றன. மீன்காரர்கள் கடலை முதுகில் வைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்த்து நின்றார்கள். சூரியன் லூரங்கின் முதுகில், நிழல் முன்னால். இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. ஒலிபெருக்கியில் யாரோ கூப்பிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கையை ஓங்கினாள். கையில் கத்தி. முகமெல்லாம் சுருங்கி, பல் தெரிந்தது. லூரங் அழுத்தினார்.

மறுநாள் முதல் பக்கத்தில் அந்தப் படம் மட்டும்தான். கீழே ஆசிரியர் வைத்த வரி: கத்தி ஓங்கிய மீன்காரி. கைப்பேசி கைப்பேசியாகப் படம் நாடெல்லாம் போனது. புதிய சந்தைக் கட்டடத்தில் எல்லோருக்கும் கடை கொடுத்தார்கள், அவளுக்கு மட்டும் இல்லை. ஆபத்தானவள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவள் பெயர் கானாங் என்பதே லூரங்குக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருடம் ஒரு காலையில் அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சந்தின் நடுவில் ஒரு மீன்காரி தொட்டியை இறக்கிவைத்துப் பக்கத்து வீட்டுக்குச் சூரை வெட்டிக்கொண்டிருந்தாள். "என்ன மீன் இருக்கு?" என்று லூரங் கூப்பிட்டார்.

அவள் நிமிர்ந்தாள். லூரங்குக்குப் பின்னால் வெயில். யார் கூப்பிடுவது என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றிக்கு நேரே கையைத் தூக்கினாள். கையில் கத்தி. பல் தெரிந்தது.

லூரங் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஓ, நீங்களா?" என்றாள் அவள். "இன்னிக்குக் கேமரா இல்லையா, டாயெங்?"

"என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"ஊருக்கே என் மூஞ்சி தெரியும். எனக்கு உங்க மூஞ்சி தெரியாதா? ஆபீசர் வண்டிக்குப் பக்கத்துல ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்களே."

"அன்னிக்குக் கையை எதுக்குத் தூக்கினீங்க?"

"இப்ப எதுக்குத் தூக்கினேன்? வெயிலு. எவனோ குழாயில என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். யாருன்னு பாத்தேன்."

"கத்தி?"

"மீன் வெட்டறவ கையில பின்ன என்ன, ரோஜாப்பூவா இருக்கும்?"

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். லூரங்கால் சிரிக்க முடியவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேன். நீங்க அதுக்குள்ள வண்டியில ஏறிட்டீங்க." அவள் சூரையின் தலையைத் தனியே எடுத்துவைத்தாள். "படம் நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்ததுலேருந்து என் மாமியார் என்னை ஒரு வார்த்தை கேக்கறதில்ல."

அன்று லூரங் தன் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதிகாரிகளோடு பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சாந்தமானவர்கள். வெயிலில் நின்றவர்கள் எல்லோரும் கோபக்காரர்கள். வேலைநிறுத்தம், குடிசை இடிப்பு, கூலித் தகராறு, எதை எடுத்தாலும் அப்படியே. ஒரு படத்திலும் பொய் இல்லை. அவர் எங்கே நின்றார் என்பதுதான் ஒரு படத்திலும் இல்லை.

ஆசிரியரிடம் போனார். திருத்தம் ஒன்று போடவேண்டும் என்றார்.

"எதைத் திருத்தறது? கை இருந்துச்சா?" என்றார் ஆசிரியர்.

"இருந்துச்சு, பாஸ்."

"கத்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன? சூரியன் தப்புப் பண்ணிடுச்சுன்னு போடவா?"

லூரங் அந்த மாதத்தோடு வேலையை விட்டார். அதற்கு முன் ஒருநாள் கானாங்கை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துச் சந்தை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அம்மாள் மரியாதையாகவே பேசினாள். அந்தப் படத்தை எடுத்தவர் இவர்தான் என்று தெரிந்ததும் எழுந்துகூட நின்றாள். "அருமையான படம், சார்" என்றாள். வெயில், கை, கத்தி என்று லூரங் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா மேல இருக்கறவங்க ஆதாரம் கேப்பாங்க. அந்தப் பக்கத்துலேருந்து எடுத்த படம் ஏதாவது இருந்தா கொண்டாங்க. வெயில் இவங்களுக்கு நேர் எதிர்ல இருந்தது தெரியணும்."

லூரங் ஊரிலிருந்த புகைப்படக்காரர் ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டார். அன்றைய படங்கள் எல்லோரிடமும் இருந்தன. எல்லாவற்றிலும் அதே முகங்கள், அதே சுருக்கம். கடல் பக்கம் போய் நின்றவர் ஒருவரும் இல்லை. காப்பி இந்தப் பக்கம்தான் இருந்தது.

"விடுங்க டாயெங்" என்றாள் கானாங், அலுவலகத்துப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது. "சந்துல வித்தா வாடகை இல்ல. முட்டிதான் கேக்கமாட்டேங்குது."

இப்போதும் அவள் காலையில் அந்தச் சந்துக்கு வருகிறாள். கடல் பக்கத்திலிருந்து, கிழக்கு நோக்கி, தலையில் தொட்டியோடு, வெயிலுக்குள் நடந்து வருகிறாள். முழங்காலுக்கு ஒரு துணியைக் கட்டியிருக்கிறாள். தொட்டியை இறக்க யாராவது ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது.

லூரங் வாசலிலிருந்து அவளைக் கூப்பிடுவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, அவளைக் கடந்து போய், மறுபக்கம் நின்றுகொள்கிறார். தொட்டியை இறக்க உதவுகிறார். அவள் அவர் பக்கம் திரும்பி உட்காருகிறாள். வெயில் அவள் முதுகில்.

"தலையும் வேணுமா?" என்று கேட்கிறாள் கானாங், கத்தியைத் துடைத்துக்கொண்டு.

"போடுங்க."

வெயில் நேராக அவர் கண்ணில் அடிக்கிறது. முகம் சுருங்குகிறது. கண்ணில் நீர் கட்டுகிறது. வலது கை நெற்றியை நோக்கிப் பாதிவரை எழுகிறது. லூரங் அதைக் கீழே கொண்டுவந்து, இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மீன் வெட்டி முடிகிறவரை அப்படியே நிற்கிறார்.