லாசர் வீட்டு இரும்புப்படி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தாராவியில் வெல்டிங் பழகி, தன் மாடிக்குத் தானே இரும்புப்படி வைத்தவர் லாசர். இன்ஜினியரிங் படிக்கும் மகள் ஷைனி செம்பூரில் ஒரு டிசைன் கம்பெனிக்குக் கோடைப் பயிற்சிக்குப் போவதைத் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்.

அன்று அவள் சோர்ந்து வந்தாள். "ஒரு குடோனுக்குப் படி வரையச் சொன்னாங்கப்பா. நம்ம வீட்டுப்படி மாதிரியே செங்குத்தா, பிடிச்சு ஏறக் கயிறும் தொங்கவிட்டு வரைஞ்சிட்டேன். 'இது ஏணிம்மா, நாளைக்குள்ள மாத்து, இல்லன்னா சர்டிபிகேட் கிடையாது'ன்னுட்டாரு சார்."

"ஏட்டி, என் படியில இன்னைக்கு வரை ஒருத்தன் விழுந்திருக்கானா?"

"விழுறதுக்கு இந்தச் சந்துல எடம் எங்கப்பா இருக்கு?"

லாசர் கயிற்றைப் பிடித்து ஏறினார். பாதியில் முட்டி வலித்தது, மூச்சு வாங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாய்வாவே போடு, மக்கா. அங்கயும் என்னை மாதிரி முட்டிவலிக்காரன் எவனாவது மூட்டையோட ஏறுவாம்லா."