பிரெஞ்சில் கேட்டால்தான் தேநீர்

சின்ன அத்தை பிரெஞ்சு ஆசிரியை. பிரான்சுக்குப் போனதே இல்லை. வகுப்பில் பதினொரு மாணவிகள் மட்டுமே இருந்ததால் அதை மூடிவிடலாமா என்று பார்க்க ஆய்வாளர் வந்தார். மூடினால் அத்தைக்கு வேலை போய்விடும். அன்று அத்தை மேசைகளுக்கு விரிப்பிட்டு, விலைப்பட்டியல் தொங்கவிட்டு, வகுப்பறையை உணவகமாக்கியிருந்தார்.

"ஒரு டீ குடும்மா," என்றார் ஆய்வாளர்.

பரிமாறிய மாணவி தமிழே புரியாதவள்போல் திருதிருவென விழித்தாள்.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க!"

"நானும் இங்க சாப்பிட வந்தவதான் சார். பக்கத்து மேசையில எப்படிக் கேக்கறாங்கன்னு பாருங்க."

ஆய்வாளர் காதைத் தீட்டிக்கொண்டார். மூன்றாம் முயற்சியில் தேநீர் வந்தது. விடாமல் ஒரு துண்டு கேக்கும் கேட்டு வாங்கினார்.

"என்னையே பேச வெச்சுட்டீங்களேம்மா!" என்றவர், மூடும் உத்தரவில் கையெழுத்திடவில்லை.

அதன்பின் அந்த வகுப்பு பத்தொன்பது ஆண்டுகள் நடந்தது.