சிராஜ் கடை நம்பர்

தாராவியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கும் விஜயராணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று காலை அது காதில் விழாத அளவுக்கு இறங்கியிருந்தது.

கவுண்டருக்கு முன்னால் தோல்பட்டறை சுயம்பு நிற்கிறார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் மனிதர். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. கம்ப்யூட்டரோ அவர் இறந்துவிட்டார் என்கிறது. டாக்டரும் கையை விரித்துவிட்டார். கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் மெஷினைத் தொட முடியாதாம்.

"நேத்து முருகம்மாள் செத்ததைத்தானே நான் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன்? ஒங்களை யாரு கொன்னா அண்ணாச்சி?"

கேட்ட வேகத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே செல் நம்பர். அவர்கள் குடியிருக்கும் சால் என்ற ஒண்டுக்குடித்தன வரிசையில் யாரிடம் நம்பர் கேட்டாலும், முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிராஜின் நம்பரைத்தான் சொல்வார்கள். இந்தியில் போன் வந்தால் எடுத்துப் பேச அவர்தான் தோது. விஜயராணியும் யோசிக்காமல் அதையே பதிந்து வந்தாள்.

முன்பு அதில் வில்லங்கம் இல்லை. டேட்டாபேஸ் பின்னறையில் இருந்தது. கவுண்டர் கம்ப்யூட்டர் அதனிடம் நேராகப் பேசும். தப்பை அவளே திருத்துவாள். போன மாதம் எல்லாவற்றையும் மாற்றினார்கள். இப்போது அவளிடம் இருப்பது வெறும் திரை. அவள் கேட்பது முதலில் நடுவிலிருக்கும் ஒரு சர்வருக்குப் போகும். சட்டதிட்டமெல்லாம் அங்கேதான். அது சம்மதித்தால்தான் பின்னாலிருக்கும் டேட்டாபேஸ் அசையும். அங்கே எழுதிய புதுச் சட்டம்: ஒரு நம்பருக்கு ஒரே ஆள். அதனால் முருகம்மாளின் சாவு சுயம்புவின் பெயரிலும் ஏறிவிட்டது. எழுதிய புத்திசாலி எந்தச் சாலில் குடியிருந்தானோ!

செம்பூரிலிருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டாள். நகுல் என்ற இன்ஜினியர் எடுத்தான்.

"கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுங்கோ மேடம். நாப்பத்தெட்டு மணி நேரத்துல பாத்துடறோம்."

போனை வைத்தாள். கவுண்டரைச் சாத்தினாள். சுயம்புவை ஆட்டோவில் ஏற்றிச் செம்பூருக்குக் கொண்டுபோய், நகுலின் மேஜைக்கு எதிரே உட்காரவைத்தாள்.

"இவருதான் ஒங்க டிக்கெட்டு. பாருங்க தம்பி."

நகுல் அந்தக் கால்களைப் பார்த்தான். டேட்டாபேஸை நேரடியாகத் திறந்து ஒரு வரி தட்டினான். சுயம்பு உயிரோடு வந்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா நாற்பத்தெட்டு மணி நேரம்?

"அதே நம்பர்ல வேற யாரும் உண்டா?"

தேடினான். சுயம்புவையும் முருகம்மாளையும் தவிர இன்னும் ஏழு பெயர்கள் வந்தன. ஏழு பேரும் நேற்று மாலை நாலு பத்துக்கு இறந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், பதிந்தவர்: விஜயராணி.

வாசலில் சக்கர நாற்காலியோடு நிற்கும்படி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, சுயம்புவை அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினாள். அவர் எழுந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

"மேடம், மத்ததுக்கு ஒரு டிக்கெட்…"

"நான் கொன்னதாத்தானே போட்டிருக்கு?" குரல் இன்னும் இறங்கியது. "ஏழு பேருக்கும் உசிரு வாற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன். தட்டுங்க."